குருமலை அடிவாரத்துக் கிணறு

போன வாரம் டி.வி.யில் ஒரு செய்தி. எங்கேயோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் மான் விழுந்து, தீயணைப்பு வண்டி வந்து வலை கட்டித் தூக்கினார்கள். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, நான் வாசலில் நிற்கிறேன். "என்னம்மா தேடுறீங்க?" என்கிறாள் மகள். அவளிடம் என்னவென்று சொல்ல? உங்களிடமாவது சொல்கிறேன்.

நான் கடலோர ஊர்க்காரி. அறுபதுகளில் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த புதிதில் இந்தக் கரிசல்பூமி எனக்கு ஒத்தே வரவில்லை. அலைச்சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்காது. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். வாய்த்தவரும் அப்படித்தான். கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்கிற மனிதர். இப்போதும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால், அவர் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

மாடி மச்சியில் துணி காயப்போடும்போது தெற்கே மங்கலாக ஒரு மலை தெரியும். "அது என்ன மச்சான்?" என்று கேட்டேன்.

"குருமலை. சர்க்கார் காப்புக்காடு. மானெல்லாம் உண்டு."

"காடா? இந்த ஊர்லயா?"

அவ்வளவுதான். மறுநாள் காலை கடையைத் திறக்காமலே சைக்கிளை எடுத்துவிட்டார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். மேட்டில் நான் இறங்கி நடப்பேன், பள்ளத்தில் அவர் நிறுத்தாமல் போய்விடுவார். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். புதுப்பெண்ணை இப்படி ஓடவிட்ட ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

அடிவாரத்தில் வயதான காட்டுக் காவலர் ஒருவர் நிறுத்தினார். "கொப்பு ஒடிக்கப்படாது, நெருப்பு வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, பேச்சுத்துணை கிடைத்ததே என்று அவரும் கூடவே ஏறினார். காடு என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது மழை பொய்த்த வருஷம். இலை உதிர்ந்த உடைமரங்கள், கொதிக்கிற பாறைகள். ஒரு மானைக்கூடக் காணோம்.

"தண்ணி தேடி அம்புட்டும் கீழ எறங்கிட்டும்மா" என்றார் காவலர். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கீழே கூச்சல் கேட்டது.

காட்டு எல்லையை ஒட்டிய புஞ்சையில் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. அடியில் நெஞ்சளவுத் தண்ணீர், அதில் ஒரு புள்ளிமான் சுற்றிச்சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. உட்சுவரில் காலைப் போட்டு ஏறப் பார்க்கும், வழுக்கி விழும். மேலே நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கையில் அரிவாள். காவலரைக் கண்டதும் அதை முதுகுப்பக்கம் கொண்டுபோனார்.

புஞ்சைக்காரர் குருசாமி மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தார். "சாகட்டும், விடுங்க. எம்பிள்ளையளுக்கு வச்சிருந்த சோளத்த ஒரு கருது விடாமத் தின்னுட்டு. நான் எதுக்குக் கயிறு தரணும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு என்ன? புஞ்சையில் வெறும் தட்டைதான் நின்றது.

காவலர் ஏதோ கெஞ்சினார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் நின்ற என் மனிதரைக் காணோம். சட்டையும் செருப்பும் கிடக்கின்றன. படிக்கல்லைப் பிடித்துப் பாதி தூரம் இறங்கிவிட்டார். பிடித்த கல் ஒன்று பெயர்ந்தது. தடாலென்று தண்ணீருக்குள் விழுந்தார்.

எழுந்தவர் மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அது உதைத்த உதையில் நெற்றி பிளந்து ரத்தம். இனி அவர் ஏறிவரவும் கைக்கெட்டும் தூரத்தில் படியில்லை.

குருசாமி முன்னால் போய் நின்றேன். "அண்ணாச்சி, மானுக்கு வேண்டாம். எங்க மச்சானுக்குக் கயிறு குடுங்க" என்றேன். வேற்று ஆணிடம் அதுவரை நான் வாய் திறந்து பேசியதே இல்லை.

கீழேயிருந்து குரல் வந்தது. "யோவ், மான மொதல்ல தூக்குங்க! நான் பெறகு வாரேன்!"

குருசாமி என் முகத்தைப் பார்த்தார். "இந்த ஆளக் கட்டிக்கிட்டு என்னம்மா செய்யுதே?" என்று எழுந்து போனவர், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிறோடு வந்தார்.

கயிறு உடம்பில் பட்டதும் மான் இன்னும் வெறிகொண்டது. "கண்ணக் கட்டணும், துணி போடுங்க!" என்றார் கீழேயிருந்து என் மனிதர். மேலே கிடந்த சட்டையோ மற்றவர்களின் துண்டோ திமிறுகிற தலையைச் சுற்றப் பத்தாது. நான் துப்பட்டியை உருவிப் போட்டேன். அத்தனை ஆண்கள் நடுவில் வெறும் சேலையோடு நின்றேன், கூச்சப்பட நேரமில்லை. கண் மறைந்ததும் மான் அடங்கிவிட்டது. அரிவாள்காரரும் சேர்ந்துதான் இழுத்தார். குருசாமி முன்னால் நின்று இழுத்ததில் அவர் உள்ளங்கை உரிந்துபோயிற்று.

மேலே வந்த மான் மூச்சு வாங்கிக் கிடந்தது. நானே முடிச்சை அவிழ்த்தேன். அதன் நெஞ்சு என் முழங்கையில் அடித்துக்கொண்டது. துள்ளி எழுந்து, குருசாமியின் புஞ்சைக்கு நடுவாகவே ஓடியது.

"பாத்தியளா, தடத்த மறக்கல!" என்றார் குருசாமி. எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் கிணற்றுக்குள் ஒரு மனிதர் இருப்பது நினைவுக்கு வந்தது.

என் மனிதர் தவறிப் பல வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஒருமுறை மகனோடு அங்கே போனேன். புஞ்சைகளையெல்லாம் மேடுபள்ளமில்லாமல் நிரவிக் காற்றாலைகள் நிறுத்தியிருந்தார்கள். இடத்தைக் குத்துமதிப்பாகக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே குருசாமி என்பவருடைய கிணறு எங்கே என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கெணறா? இங்கன கெணறே கெடையாதேம்மா" என்றார்.