டைப்போல் பார்த்துக் குறித்த நாள்

போன ஞாயிறு கொழும்புத்துறையில் ஒரு கலியாணம். மேளம் தொடங்க மழையும் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் செருப்பைத் தேடி ஓட, இரண்டு சம்பந்திகளும் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் என்று கேட்கிறீர்களா?

மணப்பெண் கஜனி என் அக்காவின் மகள். உரும்பிராய்க்காரி, கடல்வள ஆராய்ச்சி செய்கிறவள். மாப்பிள்ளை கொழும்புத்துறைக் கடற்றொழில் குடும்பம். காதல்தான். இரண்டு வீடும் "ஓம்" என்று சொல்வதற்குள், தூது போன எனக்கு இருந்த கொஞ்ச முடியும் கொட்டிவிட்டது. சாத்திரியார் இரண்டு நாள் குறித்துத் தந்தார் — ஒன்று ஐப்பசியில், மற்றது தையில்.

அங்கேதான் கஜனி ஒரு பிழை விட்டாள். இந்து சமுத்திரத்தில் ஆபிரிக்கப் பக்கம் கூடுதல் சூடா, இந்தோனேசியப் பக்கம் கூடுதல் சூடா என்று சொல்ல ஓர் எண் இருக்கிறதாம். டைப்போல் என்கிறார்கள். இந்த முறை ஆபிரிக்கப் பக்கம் சூடு, ஐப்பசியில் எங்களுக்கு நல்ல மழை வரலாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

கஜனியின் தகப்பன், என் அத்தானுக்கு வெங்காயத் தோட்டம். "ஐப்பசியிலை வெள்ளம் நிண்டா வெங்காயம் அழுகிப்போகும். நான் வாய்க்கால் வெட்டுறதோ, தாரை வார்க்கிறதோ? தைக்கு வைப்பம்."

மாப்பிள்ளையின் தகப்பன் கரையோரக் களப்பில் இறால் பிடிக்கிறவர். அந்தச் சம்பந்தி விடவில்லை. "மழைத்தண்ணி களப்பிலை இறங்கினால் தையிலை றால் குவியும். எங்கடை சனம் ஒருத்தரும் மண்டபத்துக்கு வராது. ஐப்பசிதான்."

ஒரே எண்... ஒருவருக்கு அழுகல், மற்றவருக்கு அறுவடை! கிழமைக்கணக்கில் கதை பேச்சில்லை. இவ்வளவு தூரம் வந்த கலியாணம் இதிலேயா குழம்பப்போகிறது? எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கடைசியில் கஜனியே இருவரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா, அந்த எண் வாய்ப்பைத்தான் சொல்லும். முந்தி அதை வைச்சு மழையையும் றாலையும் ஓரளவு கணிக்கலாம். இப்ப முழுக் கடலுமே சூடேறுது. அதே எண் வந்தாலும் மழை பொய்க்கலாம், களப்புத் தண்ணி சூடாகி றால் சாகலாம். ஒருத்தருக்கும் நான் உத்தரவாதம் தரேலாது."

"அப்ப என்ன செய்யிறது?" என்றார் அத்தான்.

"ரெண்டு பேரும் ஒரு நாளைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நாளைக்கே நாங்கள் கச்சேரியிலை பதிவுக் கலியாணம் எழுதிப்போட்டு வாறம்."

பதறிப்போன இருவரும், கிட்ட இருந்த ஐப்பசியை ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கஜனியின் எண் இந்த முறை ஏமாற்றவில்லை. மண்டப வாசலில் நின்று அத்தான் வானத்தையே பார்த்தார். சம்பந்தி வந்து குடை பிடித்தார்.

"என்ன, வெங்காயமோ?"

"ஓம்."

"விடியவே மண்வெட்டியோடை வாறன். என்ரை தம்பிமாரும் வருவினம்."

"அப்ப தையிலை நான் வலை இழுக்க வாறன். எனக்கு நீந்தத் தெரியாது, சொல்லிப்போட்டன்."

"இடுப்பளவு தண்ணிதான், வாங்கோ."

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. சூடேறுகிற கடலை நம்பி இனி யாரும் கணக்குப் போட முடியாது. ஆனால் தோட்டத்தில் ஒரு காலும் களப்பில் ஒரு காலும் வைத்த குடும்பம் எப்படியும் சமாளித்துவிடும், இல்லையா?

டைப்போல் எப்படியும் போகட்டும் — தையில் அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களப்பில் இறங்கும்போது, கரையில் உட்கார்ந்து பார்க்க எனக்கொரு கதிரை வேண்டும்.