அழுகுது என்ற சொல்

என் மனைவி இறந்த எட்டாம் நாள், படையலில் எவற்றை வைப்பது என்ற பேச்சு எழுந்தது. இறந்தவர் விரும்பியவற்றை மட்டுமே வைப்பது எங்கள் வழக்கம். நெத்திலிச் சம்பல், உளுந்து வடை, சீனி குறைத்த காப்பி, அவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலை ஆகியவற்றில் எவருக்கும் ஐயம் இல்லை. நான் ஒரு குறுந்தட்டைக் கொண்டுவந்து இலையருகே வைத்தபோதுதான் கருத்து வேறுபாடு தோன்றியது.

அது மேலைநாட்டுச் செவ்வியல் இசைத்தட்டு. ஒரு வயலின் முன்னிற்க, பெரியதொரு வாத்தியக் குழு உடன் வாசிக்கும் கான்செர்டோ. கோலா சிலாங்கூரில் எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது. ஞாயிறு மாலைகளில் லோரிகளின் இரைச்சல் கேளாதபடி சன்னலைச் சாத்திவிட்டு அதைக் கேட்பேன். முதற்பகுதியின் இறுதியில் குழு முழுவதும் ஓய்ந்துவிட, வயலின் மட்டும் நெடுநேரம் தனித்து ஒலிக்கும். வாசிப்பவரின் முழுத்திறமும் வெளிப்படும் இடம் அதுவே என்பது என் முடிபு. ஒரு சுரமும் வழுவாத வாசிப்பு என்று வருவோரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ரவாங்கில் வேலை செய்யும் என் மகள் பள்ளி நாள்களில் சிறிது வயலின் கற்றவள். அவள் தட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இந்த ரெக்கார்டிங் ரொம்ப ஸ்லோ, அப்பா. ஒவ்வொரு நோட்டையும் செக் பண்ணிப் பண்ணி வாசிக்கிற மாதிரி இருக்கும். போன்ல வேற ஒருத்தர் வாசிச்சது இருக்கு, அதுல உயிர் இருக்கும். அதையே போடலாம்."

"உங்க அம்மா கேட்டது இதைத்தான்," என்றேன்.

"கேட்டாங்க, சரி. புடிச்சுக் கேட்டாங்களா?"

என் மனைவியின் தம்பி வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் பணி. எதையும் வேடிக்கையாகப் பேசுபவர். "மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் கேட்டப்பல்லாம் இது எப்ப முடியும்னுதான் இருந்துச்சு. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக் கைதட்டினா மறுபடியும் ஆரம்பிப்பான்லா அந்த ஆளு!"

மகள் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு நாள்களில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நான் சிரிக்கவில்லை. அவள் விரும்பாத ஒன்றைப் படைப்பது தவறு. அவள் விரும்பினாள் என்பதற்கு என்னிடம் இருந்த சான்று ஒன்றே. "எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். பல ஆண்டுகளாக அதே இரண்டு சொற்கள். அவற்றுக்கு முன்னர் அவள் வேறொன்று சொன்னாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

தட்டை வாங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயலின் தனித்து ஒலிக்கும் இடம் வந்ததும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"என்னங்க, பிடிலு அழுகுது."

நான் தமிழாசிரியன். ஓய்வு பெற்ற பின்னும் அந்தத் தொழில் என்னை விடவில்லை. "அழுகுது என்றால் பழம் கெட்டுப்போவது. கண்ணீர் விடுவதற்கு அழுகிறது என்று சொல்ல வேண்டும்," என்றேன்.

அவள் வெங்காயத்தை அள்ளிக்கொண்டாள். "சரிங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் காப்பி கலக்க எழுந்துவிடுவாள். நம் கச்சேரிகளில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை வெளியே போவதில்லையா, அதுபோன்றது என்று எண்ணிக்கொண்டேன். இசையின் உச்சத்தைத் தவறவிடுகிறாளே என்று அவளுக்காக இரங்கியதும் உண்டு.

இதை நான் வாய்விட்டே சொன்னேன். "அந்த இடத்தில் எழுந்து போய்விடுவாள். ஒருவேளை பிடிக்காமல்தான் இருந்திருக்கும். எடுத்து வைத்துவிடுங்கள்."

மைத்துனர் இலையைக் கீழே வைத்தார். முகத்தில் வேடிக்கை இல்லை.

"புடிக்காம இல்ல மாமா. ஒரு நாள் நான் வந்தப்ப நீங்க இங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அக்கா அடுப்படியில நின்னு கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்துச்சு. என்னக்கான்னு கேட்டேன். அந்தப் பிடிலுதாண்டா, அழுகுதுன்னு சொல்லிச்சு. ஆயாக் கொட்டகையில சாயந்தரம் எல்லாத் தாய்மாரும் வந்து புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்களாம். ஒரு புள்ள மட்டும் நிக்குமாம், ஆத்தா வர நேரமாயி. மொதல்ல சத்தமா அழுகுமாம். அப்புறம் தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி அழுகுமாம். இந்த ஆளு அப்படியே வாசிக்கிறாண்டான்னு சொல்லிச்சு."

அவள் மணமாவதற்கு முன்பும் பின்பும் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், வெளிக்காட்டு வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். பசி அழுகை எது, காய்ச்சல் அழுகை எது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். அழுகையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கும் எனக்குத் தெரியாது. நான் அவளுக்கு அந்தச் சொல்லைத் திருத்திக்கொடுத்தேன்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

மைத்துனர் தயங்கினார். "மாமாகிட்டச் சொல்லுக்கான்னேன். வேணாம்டா, தமிழு தப்புன்னு சொல்வாருன்னு சிரிச்சிச்சு மாமா. கோவமா எல்லாம் சொல்லல."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

விளக்கேற்றியதும் மகளே தட்டை இசைப்பெட்டியில் இட்டாள். வேகம் குறைவு என்று மறுபடி சொல்லவில்லை. குழு ஓய்ந்தது. வயலின் தனித்தது. இத்தனை ஆண்டுகளாக நான் அங்கே விரல்களின் துல்லியத்தையும் வில்லின் கட்டுப்பாட்டையும் கேட்டிருந்தேன். அன்று முதலில் உரத்த அழுகை வந்தது. பின்னர் அது தாழ்ந்து, ஒரு பிள்ளை தனக்குத்தானே எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. எவரும் காப்பி கலக்க எழவில்லை. நான் திரும்பி அடுப்படி வாசலைப் பார்த்தேன். அங்கே வடைக்கு உளுந்து வடித்த சல்லடை மட்டும் சாய்ந்து கிடந்தது.

வாத்தியக் குழு மெல்லத் திரும்பி வந்து வயலினோடு சேர்ந்துகொண்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். தட்டில் அது எப்போதும் நிகழும்.

மகள் என் பக்கம் நகர்ந்து, "அப்பா," என்று என் தோளைத் தொட வந்தாள்.

"விடும்மா," என்றார் மைத்துனர் தாழ்ந்த குரலில். "அழுகட்டும்."

அழட்டும் என்பதே சரியான வடிவம். ஆனால் அவர் சொன்ன சொல்லின் இரண்டு பொருளும் அந்நேரம் எனக்குப் பொருந்தியிருந்தன. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.