ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது குற்றமா?

அல்சூரிலிருந்து தனியாக ஏற்காடு போயிருந்தேன். ஏரிக்கரையில் வேர்க்கடலை கொறித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதுதான் திட்டம். மறுநாளே அண்ணன் பதறியடித்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்து நின்றார்.

"நீ ஏரியையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்கேன்னு மேனேஜர் போன் பண்ணாரும்மா. வீட்ல எல்லாரும் ஒரே அழுகை!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறை கொடுக்கும்போது வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கியது இதற்குத்தானா என்று மேனேஜரிடமே கேட்டேன்.

"தனியா வர்ற லேடீஸ் ஏரியில குதிச்சிட்டா லாட்ஜுக்குத்தானே கெட்ட பேரு?" என்றார் மேனேஜர்.

பக்கத்து அறையில் தனியாக வந்த ஓர் ஆள் பட்டப்பகலில் குடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு யாரும் போன் செய்யவில்லை.

இப்போதும் தனியாகத்தான் போகிறேன். நம்பர் கேட்டால், "தனியா வர்ற ஆம்பளைங்க வீட்டுக்கும் போன் பண்ணுவீங்களா?" என்கிறேன். நம்பரை விட்டுவிட்டுச் சாவியை நீட்டுகிறார்கள்.

- ஒரு வாசகி, பெங்களூர்