விக்கெட் கீப்பரைக் கொடுத்து வாங்கிய ஆள்

அரக்கோணம் ஸ்டேஷனில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. கடலை தீர்ந்த பிறகு வந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். பொட்டலம் மடித்திருந்த காகிதம் வழவழவென்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் பக்கம். யுத்தம் முடிகிற சமயம் இது. ரயிலில் போகும் சிப்பாய்கள் படித்துப் போட்டுவிட்டுப் போகிறதெல்லாம் கடைசியில் பிளாட்பாரத்துக் கடலைக்காரரிடம்தான் வந்து சேரும்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு நான் இப்போது டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்காக வாரத்தில் மூன்று நாள் திருத்தணியிலிருந்து அரக்கோணம் போய்வர வேண்டும். அன்று திரும்பிப் போகிற வண்டிக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. உப்பைத் தட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

பேஸ்பால் என்று அவர்கள் ஆடும் பந்தாட்டத்தைப் பற்றிய கட்டுரை. ஒரு டீம் தன்னுடைய நல்ல மட்டைக்காரனை இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பந்து எறிபவன் ஒருவனை வாங்கியிருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன் அல்ல அவன். முதலில் எறிபவன் களைத்துப்போனதும் பாதியில் வந்து பொறுப்பேற்றுக்கொள்கிற ஆள். அதிலும் சில மாதங்களாக அவன் எறிவதையெல்லாம் எதிராளிகள் விளாசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனைப் போய் யாராவது வாங்குவார்களா? இந்த மாற்றில் லாபம் யாருக்கு? கட்டுரைக்காரர் தராசு பிடித்த மாதிரி இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து, "ஆகவே என் தீர்ப்பு" என்று ஆரம்பிக்கிற இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

கடலைக்காரரிடம் ஓடினேன். "இதுக்கு அடுத்த பக்கம் இருக்குதா பாருங்க."

"உனுக்குக் கடல வேணுமா, காயிதம் வேணுமா?"

இன்னொரு பொட்டலம் வாங்கிப் பார்த்தேன். பழைய பஞ்சாங்கத்தின் ஒரு தாள் வந்தது. தீர்ப்பு யாருடைய கடலையோடு போயிற்றோ தெரியாது. ஆனால் வண்டி ஏறும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம்! இத்தனை நாள் இது நமக்குத் தோன்றவே இல்லையே!

எங்கள் திருத்தணி கிரிக்கெட் டீமுக்கு நான் செக்ரட்டரி. செக்ரட்டரி என்றால் பிட்சில் விரிக்கிற நார்ப்பாயைச் சுமப்பவன், ஸ்கோர் எழுதுபவன். மட்டை பிடித்தால் பந்துக்கு முன்னால் என் கணுக்கால் அடிபடும். ஆகவே நோட்டுப் புத்தகம்தான் எனக்கு அந்த டீமில் இடம் கொடுத்தது. ரன், விக்கெட் மட்டுமல்ல, வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், யார் எப்போது தண்ணீர் குடித்தான் என்பதுவரை அதில் எழுதுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் தங்கள் ரன்னைத் தெரிந்துகொள்ள என்னிடம்தான் வரவேண்டும்.

எங்கள் குறை அந்த நோட்டிலேயே தெளிவாக இருந்தது. தண்ணீர் வற்றிய ஏரியில் ஆடுவோம். காலையில் எங்கள் இரண்டு பந்துவீச்சாளர்களும் புலி. சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுக்கு நாக்கு தள்ளிவிடும். அதற்குமேல் வீச ஆள் இல்லை. பாதியில் வந்து பொறுப்பேற்கும் ஆள்தான் எங்களுக்கு வேண்டும்.

அரக்கோணம் ரயில்வே டீமில் அப்படி ஒருவன் இருந்தான். லோகோ ஷெட்டில் வேலை, ஆறடி உயரம், ஓடிவந்து போட்டால் பந்து சீறும். ஆனால் கொஞ்ச நாளாக அவன் பந்து ஸ்டம்பைத் தவிர மற்ற எல்லாத் திசைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதே டீமின் விக்கெட் கீப்பர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எங்கள் கீப்பரோ கில்லாடி. இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் கேப்டன் சன்னிதித் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கடலைக் காகிதத்தை அவர் முன்னால் விரித்து அரைமணி நேரம் பேசினேன்.

"டேய், கீப்பர் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா? என் பொண்டாட்டியோட தம்பிடா."

கீப்பரும் அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தான். "நான் போறேன் பாவா," என்றான் உடனே. "அவங்க கிட்ட நெஜ கிளவுசு இருக்குது. நம்ம கிளவுசு கோணிப்பை. நாலு வெரலு வீங்கிப் போச்சு."

கேப்டன் யோசித்தார். ரயில்வே கேப்டனான பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, முன்பே நான் போய்க் கேட்டபோது, ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தாராளமா எடுத்துக்கினு போங்க என்று சொல்லியிருந்தார். ஏற்பாடு இதுதான்: நான்கு வாரம் கழித்து எங்களுக்கும் ரயில்வேக்கும் ஏரியில் ஆட்டம் இருந்தது. அது முடியும்வரை அவன் எங்களுக்கு, இவன் அவர்களுக்கு.

"சரி," என்றார் கேப்டன். "ஆனா ஒண்ணு. அந்த ஆட்டத்துல தோத்தோம்னா நோட்ட எங்கிட்ட குடுத்துட்டு நீ வூட்ல உக்காந்துக்க. செக்ரட்டரி வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

விஷயம் கேப்டன் வீட்டுக்குப் போனது. அண்ணி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எங்க தம்பிய வித்துட்டியாமே? எவ்ளோக்கு வித்த?"

"விக்கல அண்ணி, மாத்திகினோம்."

"பித்தளை டம்ளரா அவன், மாத்திக்கறதுக்கு? தோத்துட்டு வா, அந்த நோட்டக் கிழிச்சு வடாம் காய வெக்கறேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறடி நெட்டையன் காலை வண்டியில் வந்து இறங்கினான். தலையில் பாதிக் காடு. நெற்றி தெரியவில்லை. கேப்டன் அவனிடம் பந்தைக் கொடுத்தார். அவன் போட்ட பந்துகளில் ஒன்று அம்பயரின் செருப்பில் பட்டது, ஒன்று மேய்ந்துகொண்டிருந்த எருமையைக் கிளப்பிவிட்டது. இரண்டாவது ஞாயிறும் விக்கெட் இல்லை. மூன்றாவது ஞாயிறும் இல்லை. கடைத்தெருவில் நான் நடக்கவே முடியவில்லை.

"இன்னா செக்ரட்டரி, கறக்கற மாட்டக் குடுத்துட்டு கண்ணு தெரியாத மாட்ட ஓட்டிகினு வந்தியாமே?"

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வாரத்துப் பந்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காற்றா? இல்லை. சரிவா? இல்லை. அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அவன் நல்ல பந்து போட்டிருந்தான், இரண்டு இரண்டாக. ஒவ்வொரு இரண்டுக்கும் முன்னால் என் கையெழுத்தில் "தண்ணீர்" என்று எழுதியிருந்தது. தண்ணீர் குடித்தால் இரண்டு நல்ல பந்து, அப்புறம் எருமை.

கேப்டனிடம் காட்டினேன். "தாகமா இருக்குமோ?" என்றார்.

அடுத்த நாள் டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு லோகோ ஷெட்டுக்கு ஓடினேன். நெட்டையன் குழாயடியில் கரி போக முகம் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் தண்ணீரை வாரி முகத்தில் அடித்தான். அதே ஈரக் கையால் முடியைப் பின்னால் வழித்துவிட்டான். ஏரியில் தண்ணீர் குடித்த பிறகும் அப்படித்தான் செய்வான். அன்றைக்குத்தான் அவன் கண்களை முழுதாகப் பார்த்தேன். பேசிக்கொண்டே நின்றோம். வெயிலில் முடி காய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, பொத்தென்று கண்மேல் விழுந்தது.

"யோவ்! முடி! முடிதான்யா!" என்று கத்தினேன்.

"முடிக்கு இன்னா?"

"பந்து போடறப்ப உனுக்கு ஸ்டம்பு தெரியுதா?"

யோசித்தான். "அது தெரியல. அது எதுக்கு? கை பழக்கம்."

"மொதல்ல வெட்டு அத."

அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, இது சாமி முடிங்க."

விஷயம் வெளியே வந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவன் வேண்டிக்கொண்டிருக்கிறான்: ஐம்பது விக்கெட் எடுத்தால் திருத்தணி மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று. அதுவரை கத்தி படக்கூடாது. மளமளவென்று நாற்பத்துமூன்று வந்துவிட்டது. அதற்குள் முடி கண்ணுக்கு வந்துவிட்டது. முடி கண்ணுக்கு வந்ததும் விக்கெட் நின்றுவிட்டது. விக்கெட் வராமல் முடி எடுக்க முடியாது. முடி எடுக்காமல் விக்கெட் வராது. முருகன் சோதிக்கிறார் என்று நினைத்து, அவன் வெள்ளிக்கிழமை விரதம் வேறு இருந்துகொண்டிருந்தான்.

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆறு நாளில் ஆட்டம். என் நோட்டின் கதி அந்த முடியில் தொங்கிக்கொண்டிருந்தது. குடுமி போடலாம் என்றால் அதற்கு நீளம் போதாது. கைக்குட்டை கட்டிப் பார்த்தோம். மூன்றாவது ஓட்டத்தில் அது மூக்குக்கு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஆட்டத்தன்று காலை அவனைக் கேப்டன் வீட்டுக்கு அழைத்துப்போய் அண்ணி முன்னால் நிறுத்தினேன். அண்ணி சுற்றி வந்து பார்த்தார். "உக்காரு" என்றார். ஒரு கை நிறைய விளக்கெண்ணெயை அவன் தலையில் அப்பினார்.

"சாமி முடிங்கக்கா," என்று முனகினான் அவன். "ஜடை போடலாமா?"

"முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டிங்க. ரிப்பன் இன்னான்னு அவருக்குத் தெரியாதா? தலைய ஆட்டாத."

நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று குட்டைப் பின்னல். மூன்றிலும் சிவப்பு ரிப்பன். முடிச்சை இறுக்கிக்கொண்டே அண்ணி என்னிடம் சொன்னார்: "உனுக்காக இல்ல. நீங்க ஜெயிச்சா, கிளவுசுக்காகப் போன எங்க தம்பி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வூட்டுக்கு வருவான். அதான் வேணும் எனுக்கு."

எங்கள் ஆட்டம் முதலில் முடிந்தது, சுமாரான ரன்தான். அப்புறம் ரயில்வேக்காரர்கள் ஆடினார்கள். சாப்பாட்டுக்கு முன் எங்கள் புலிகள் மூன்று விக்கெட் எடுத்துவிட்டுப் படுத்துவிட்டன. கேப்டன் நெட்டையனைக் கூப்பிட்டார். ரிப்பனைக் கண்டதும் ரயில்வேக்காரர்கள் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

"இன்னாய்யா, பந்தாட வந்தோமா பொண்ணு பாக்க வந்தோமா?"

"பொண்ணு கொஞ்சம் ஒசரம்பா!"

அவன் ஓடிவந்தான். நடு ஸ்டம்பு பறந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடுத்த ஓவரில் இன்னொன்று. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்துநான்கு, நாற்பத்தைந்து என்று நான் நோட்டின் ஓரத்தில் தனியாக எழுதிக்கொண்டு வந்தேன். ஆறு விக்கெட் அவனுக்கே. நாற்பத்தொன்பது.

மிச்சம் ஒரே ஜோடி. அதில் ஒருவன் எங்கள் பழைய கீப்பர். கையில் நிஜக் கிளவுசு போட்டுப் பழகிய தெம்பில் அசையாமல் நின்றான். அவர்களுக்கு இன்னும் இரண்டு ரன் வேண்டும். எங்களுக்கு ஒரு விக்கெட் வேண்டும். நெட்டையனுக்கும் ஒரே ஒரு விக்கெட்தான் வேண்டும்.

பந்து வந்தது. கீப்பர் மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினான். எதிரே நின்றவன் "வேணாம், போ போ!" என்று கத்தினான். கீப்பர் பாதி வழியில் திரும்பினான். அதற்குள் நெட்டையன் பாய்ந்து பந்தைப் பொறுக்கி, யோசிக்காமல், ஓடுகிற ஓட்டத்திலேயே ஸ்டம்பை நோக்கி எறிந்தான். ஸ்டம்பு சாய்ந்தது. ரன் அவுட்.

ஜெயித்துவிட்டோம்! கேப்டன் வேட்டி அவிழ்வது தெரியாமல் குதித்தார். குதிக்காதவர்கள் இரண்டே பேர். நெட்டையன் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன்.

மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இத யார் பேர்ல எழுதுவ?"

"யார் பேர்லயும் இல்ல. ரன் அவுட்னு மட்டும் எழுதணும்."

"எறிஞ்சது நான்தான?"

"ஆங். ஆனா விக்கெட் உன் கணக்குல வராது."

"இந்த ரூல்சு முருகனுக்குத் தெரியுமா?"

அண்ணியும் அதற்குள் வந்துவிட்டார். "எழுதேன்டா. ஒரு கோடுதான? பாவம், எத்தினி நாளு எண்ணெய் தடவறது?"

பென்சில் கையில்தான் இருந்தது. நோட்டு எனக்கு நிலைத்ததே இவனால்தான். ஆனால் அந்த ஒரு கோட்டைப் போட்டுவிட்டால், அவன் முடியைக் கண்டுபிடித்துக் கொடுத்த மற்றப் பக்கங்களை இனிமேல் நானே நம்பமாட்டேன். "முடியாது அண்ணி," என்றேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

நெட்டையன் ரிப்பனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "வுடுங்கக்கா. ஒண்ணுதான? சாமிகிட்ட ஓசியில எதுக்கு?"

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஏற்பாட்டின்படி ஆட்டம் முடிந்ததும் அவரவர் ஆள் அவரவருக்கு. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா இப்போது நெட்டையனின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். அவனோ, "அங்க ஆடினா ரிப்பனு யாரு கட்டுவாங்க?" என்று கேட்கிறான். லோகோ ஷெட்டில் பின்னல் போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. கீப்பரும் அண்ணி சொன்னபடியே மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவன் கவலை கிளவுசைப் பற்றி.

இதுவரை லாபம் யாருக்கு? மூன்று ராத்திரி நிறுத்துப் பார்த்தேன். எங்களுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. அவர்களுக்கு முடி விஷயம் தெரியவந்தது. தராசு நிற்க மாட்டேன் என்கிறது. அந்த ஐம்பதாவது விழாமல் எப்படித் தீர்ப்பு எழுத?

ஆகவே நேற்று அரக்கோணம் போய்ப் புது மாற்று ஒன்றைச் சொன்னேன். நெட்டையனை இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கொடுங்கள். பதிலுக்கு ஒரு மாதம் உங்கள் டீமுக்கு ஸ்கோர் எழுத நான் வருகிறேன்.

குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஆடுவியா?"

"மாட்டேன். ஆனா உங்க ஆளுங்க ஏன் அவுட் ஆவறாங்கன்னு சொல்லுவேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். நான் எவ்வளவு பெறுவேன் என்று அவர் இன்னும் நிறுத்துக்கொண்டிருப்பார்.

வருகிற ஞாயிறு அம்மையார்குப்பம் நெசவுக்காரர்கள் ஏரிக்கு ஆட வருகிறார்கள். நெட்டையன் வருகிற வண்டியும் நான் போகிற வண்டியும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டும். அன்றைக்கு ஸ்கோர் எழுதப்போவது அண்ணி. ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்து, பந்துக்குப் புள்ளி, விக்கெட்டுக்குப் பெருக்கல் குறி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "ரன் அவுட் ஆனா குறி போடக்கூடாது அண்ணி" என்று நான்கு தடவை சொன்னேன். "நீ போடா" என்று ஐந்து தடவை சொன்னார். மலையடிவாரத்தில் முடி எடுப்பவரிடம் சாயங்காலம் கடையைச் சாத்த வேண்டாம் என்று சொல்லி வைத்தாயிற்று. ரிப்பனைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்கள்.