என் மகள் லூர்து வாய் திறந்த நாள்

எண்பத்தைந்தாம் வருஷம் என் மனைவி ஜன்னி கண்டு இறந்துபோனாள். அடுத்த தை மாதம் புளி உலுக்க ஏறிய நான் மரத்திலிருந்து விழுந்தேன். இடுப்பு போய்விட்டது. படுத்தே கிடந்தேன். ஜெபம் சொல்லக்கூட மனசு வரவில்லை.

எங்களுக்குக் காரிமங்கலம் பக்கம். மகள் லூர்து மேரிக்கு அப்போது பத்தொன்பது வயது. புத்தி மெதுவாகத்தான் ஓடும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். கூட இருந்து காட்டினால் ஒரு வேலையைச் செய்வாள். புது ஆள் முன்னால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஓசூரில் இருக்கும் என் மகன் அந்தோணி வந்தான்.

"உங்களுக்கும் முடியல. இவள யாருப்பா பாக்கறது? மெட்ராஸ் பக்கம் விடுதி ஒண்ணு இருக்குதாம். உட்டுட்டு வந்தர்லாங்கப்பா."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. மாம்பழ சீசன் வரைக்கும் பொறு, அதற்குள் இவளுக்கு ஒரு வேலை கிடைக்கிறதா பார்க்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு சிஸ்டர் இருந்தார். லூர்து மாதிரிப் பிள்ளைகளைக் கன்னியர் மடத்தில் சேர்த்து, வேலை கேட்டுப் போனால் எப்படிப் பேசுவது என்று பழக்கினார். எழுந்து நடக்க முடிந்ததும் அவளைக் கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் முதலாளியாக உட்காருவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வர வேண்டும். கதவைத் தட்டு. வணக்கம் சொல். உட்காரச் சொன்னால் உட்கார். முகத்தைப் பார்த்துப் பேசு. புரியாவிட்டால் மறுபடி கேள். இதுதான் பாடம்.

சிஸ்டர் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்வார். லூர்து ஒரு நாள், "இந்த முதலாளி வேணாம் சிஸ்டர். வேற முதலாளியா உக்காருங்க" என்றாள். சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தபசு காலம் முடியும் வரை பழகினாள். பாஸ்குப் பண்டிகை முடிந்து, கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். போனோம். பஸ்ஸில் ஜெபமாலை சொன்னேன். ஒரே வேண்டுதல்தான். தாயே, இவள் ஒரு தப்பும் செய்யாமல் காத்துக்கொள்ளும்.

முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். புது ஆளிடம் பேச மாட்டாள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசல் ஓரம் நின்றேன். லூர்து கதவைத் தட்டினாள். வணக்கம் சொன்னாள். பிறகு நேரே மேசையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. மடத்தில் வணக்கம் சொன்னதும் சிஸ்டர் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார். அதையும் பாடம் என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

வேலை கேட்டு என் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "தலையில பேன் பாக்கச் சொல்லுது போல" என்றாள் ஒருத்தி. எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். என்ன ஜெபித்தேன் என்று தெரியாது. ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

"என்னம்மா, எதுக்குக் குனியற?" என்று முதலாளி கேட்டார்.

"சிலுவை போடுவீங்கன்னுங்க."

"எனக்குப் போடத் தெரியாதே."

"நா காட்டித் தர்றேங்க. கட்டை விரல்ல போடணும். கஷ்டமில்லைங்க." தன் நெற்றியில் மெதுவாகப் போட்டுக் காட்டினாள். இந்தக் குரல் புது ஆளிடம் பேசி நான் கேட்டதில்லை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எங்க வழக்கத்துல பண்றேன்" என்று தலையில் கை வைத்தார். "நல்லா இரும்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "கத்தி புடிக்க எங்கப்பா உட மாட்டாருங்க. அழுகின பழத்தப் பொறுக்கிப் போடுவேங்க. மொதல்ல யாராச்சும் காட்டணும்" என்றாள்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேசாதுன்னு சொன்னீங்களே பெரியவரே? நிறுத்த மாட்டேங்குதே."

"எனக்கும் புதுசுங்க" என்றேன்.

பழம் பிரிக்கும் இடத்தில் வேலை கொடுத்தார். கூட ஒரு அம்மாவை நிறுத்திக் காட்டச் சொன்னார். சீசன் முடிந்த பிறகும் டின் கழுவ வைத்துக்கொண்டார்கள். அந்தோணி வந்து, அவள் சோற்றுத் தூக்குப்போசியோடு பஸ் ஏறுவதைப் பார்த்தான். விடுதிப் பேச்சை அதோடு விட்டான். அன்று அவனும் நானும் கோயிலில் முழங்கால் போட்டோம். எனக்கு இடுப்பு வலி. அவன்தான் தூக்கிவிட்டான்.

இடுப்பு இன்னும் சரியாகவில்லை. அதற்கும் வேண்டினேன், நடக்கவில்லை. அதற்காக நன்றி குறையவில்லை. தப்பு வரக்கூடாது என்று கேட்டேன். ஆண்டவர் தப்பை வரவிட்டு, அதிலேயே அவள் வாயைத் திறந்தார். இப்போது அவருக்கு வழி சொல்லிக்கொடுத்து நான் ஜெபிப்பதில்லை.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். ஆண்டவரை நம்பிக் கூட்டி வாருங்கள். பிள்ளைகளுக்குப் புது முகம் பழக வேண்டும் என்று சிஸ்டர் இப்போது என்னை முதலாளியாக உட்காரச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் மடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் நான் இருப்பேன்.