மேட்டுத் துண்டைப் பிடுங்கிய நாள்

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மேனாம்பேட்டில் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை நிலம் இருந்தது. ஒரு வருஷம் ஏரிக்குள்ளேயே மாடு மேய்ந்தது. அப்படி ஒரு வறட்சி. வயலை ஒட்டின மேட்டுத் துண்டுதான் முதலில் கருகியது. சொட்டுத் தண்ணீர் நிற்காத அந்தச் சனியனை நான் திட்டாத நாளில்லை.

அடுத்த புரட்டாசியில் மழை பிடித்தது. வீட்டில் இருந்த விதைநெல் முழுவதையும் நாற்று விட்டு, பள்ளத்திலும் மேட்டிலும் நட்டோம். வருண பகவானோ கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார். ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து வயல்களெல்லாம் மூழ்கின. வெள்ளம் வடிந்தபோது பள்ளத்து வயலில் அழுகல் வாடைதான் மிச்சம். வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மறுபடி விதைக்க ஒரு பிடி நெல் கிடையாது. பட்டணத்துக்கு மூட்டை தூக்கப் போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

பச்சையாக நின்றது அந்த மேட்டுத் துண்டு ஒன்றுதான். என் மனைவி அதில் இறங்கி, பக்கத்தில் கிளைத்து நன்றாகத் தூர் கட்டியிருந்த ஒரு நெற்பயிர்க் குத்தை வேரோடு பிடுங்கினாள். எனக்கு உயிரே போயிற்று.

"இன்னாமே பண்றே? உசுரோட கீறது அது ஒண்ணுதான்!" என்று கத்தினேன்.

"கத்தாதய்யா. இந்த ஒரு குத்துல எத்தினி தூர் கீது பாரு. பிரிச்சு நட்டா அத்தினியும் பயிருதான். எங்க ஊர்ல பயிர் செத்த எடத்துல இப்பிடித்தான் நடுவாங்க" என்றாள்.

அங்கங்கே செத்த இடத்துக்குச் சரி, முழு வயலுக்குமா? வேறு வழி தெரியாமல் நானும் குனிந்து பிடுங்கினேன். பாதிக் குத்துகளை அங்கேயே விட்டுவிட்டு, மீதியைப் பிரித்துப் பள்ளத்தில் நட்டோம். நட்டதெல்லாம் மஞ்சளாகித் துவண்டது. இருந்ததும் போச்சு என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. அவளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

ஒருநாள் காலையில் வயலிலிருந்து குரல் கொடுத்தாள். ஓடினேன். காய்ந்த தாள்களுக்கு நடுவே ஊசி மாதிரி புதுக் குருத்து. அடுத்ததிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது.

களம் நிறைய நெல் வந்துவிடவில்லை. சாப்பாட்டுக்கும் விதைக்கும் கண்டது. பட்டணப் பேச்சை அதன்பின் நான் எடுக்கவில்லை. இன்றைக்கும் ஏதாவது கெட்டுப்போனால், மிஞ்சினதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் முதலில் தோன்றுகிறது. அன்று அவள் பிடுங்கிய அந்தக் குத்து ஞாபகத்துக்கு வந்ததும் என் பிடி தானாகத் தளர்ந்துவிடுகிறது.