நடுவா, மூலையா

எங்கள் சோணை மச்சான் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து பார்ப்பார். எந்த ஃபேன் ஒழுங்காக ஓடுகிறது, எது சும்மா பேருக்குத் தலையாட்டுகிறது என்று ஒரே பார்வையில் கணக்கெடுத்துவிட்டு, நல்ல ஃபேனுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே யாருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. அவர் மகள் சுபலட்சுமியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மாப்பிள்ளைக்கென்று ஃபேனடியில் துண்டு விரித்து வைத்திருந்த நாற்காலியில் இவர் போய் உட்கார்ந்துகொண்டார். சுவரோரம் ஒதுங்கிய மாப்பிள்ளைக்குச் சட்டை முழுக்க நனைந்துபோயிற்று. பையனுக்கு என்ன கூச்சம் பாரு, இப்படி வியர்க்குதே, நல்ல பிள்ளை என்று பெண்டுகள் எல்லாம் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்கள். அந்த அழகுமலைதான் இன்றைக்கு மருமகன்.

மச்சானையும் குற்றம் சொல்ல முடியாது. மதுரைக்கும் பேரையூருக்கும் இடையில் பஸ் ஓட்டிய மனுஷன். அந்தக் காலத்துப் பஸ்ஸில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் வெளியே ஒரு அடுப்பு, உள்ளே ஒரு அடுப்பு. இடது தொடை வெந்து வெந்து, ரெண்டு கால்களும் ரெண்டு ஊர்க்காரன் கால் மாதிரி நிறம் மாறிப்போய்விட்டன. டூட்டி முடிந்து வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சுவிட்சைத் தட்டுவார். ஐந்தில் வைத்த ஃபேன் ஐந்திலேயே ஓட வேண்டும். நாலு என்று ஒரு எண் ரெகுலேட்டரில் இருப்பதே அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் யாரை ஜோடி சேர்த்தான் என்கிறீர்கள்? என் அக்கா ஜெயக்கொடியை. அக்காவுக்கு ஃபேன் காற்று ஆகவே ஆகாது. தலைக்கு மேலே இறக்கை சுற்ற ஆரம்பித்தால் கீழே அக்காவின் மூக்கு ஆரம்பித்துவிடும். ஒரு தும்மல், ரெண்டு தும்மல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது எதிர்வீட்டு நாய் எழுந்து குரைக்கிற அளவுக்குப் போகும். அப்புறம் தலைவலி, மூக்கடைப்பு, மறுநாள் பூராவும் கண் சிவந்து சுக்குக் காப்பியும் கையுமாகத் திரிவாள். கத்திரி வெயிலிலும் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு தூங்குகிற பிறவி அவள்.

ஆகவே முப்பது வருச வாழ்க்கையில், குடியிருந்த வாடகை வீடுகள் எல்லாவற்றிலும், மச்சான் ஹாலில் ஃபேனடியில். அக்கா அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு. புருஷன் பொண்டாட்டி பேசிக்கொள்வதெல்லாம் கதவு வழியாகத்தான். மச்சானுக்கு இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அக்காவுக்கு அதற்குப் பதில் சொல்லிப் பழகிய தொண்டை. மகளுக்கு எந்த இடத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள், கொழுந்தியாள் மேல் என்ன வருத்தம் என்பதெல்லாம் தெருவுக்கே மனப்பாடம். பிறகு சுபலட்சுமி எப்படிப் பிறந்தாள் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் அடிக்கடி கரண்ட் போகும். கரண்ட் போனால் அக்கா கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வருவாள், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். கரண்ட் திரும்பி வந்ததும் தெரு மொத்தமும் "ஏய்" என்று கத்திக் கும்மாளம் போடும். அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் சத்தமே வராது.

பணி ஓய்வுக்குப் பிறகு பேரையூர் எல்லையில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அப்போது பிளான் போட்டது நான். என் பேர் பாண்டியராஜன், பசுமலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நான் இன்ஜினியர் இல்லைதான். ஆனால் ஸ்கேல் வைக்காமல் கோடு போடுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தகுதி போதும் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்ள, படுக்குற ரூமை மட்டும் நல்லா நீளமா போடு." ஏன் என்று கேட்டேன். "கை கால நீட்டிப் படுக்கலாம்ல" என்றார். அவ்வளவு நீளமான கைகால் அவருக்குக் கிடையாது. ஆனாலும் போட்டுக் கொடுத்தேன்.

தளம் போடுகிற நாள் வந்தது. அந்த நாளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபேன் எங்கே தொங்கப் போகிறது என்பது வீடு கட்டி முடித்த பிறகு யோசிக்கிற காரியம் இல்லை. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே, கம்பிக்கு நடுவில் ஃபேன் மாட்டுகிற கொக்கியோடு ஒரு இரும்புப் பெட்டியை வைத்துக் கட்டிவிட வேண்டும். கலவை விழுந்து இறுகிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அது அங்கேதான். அதனால் முந்தின நாளே எலக்ட்ரீசியன் ஜெர்சனைக் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரூமுக்கும் குறுக்கும் நெடுக்கும் டேப் பிடித்து, நட்டநடுவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் பெட்டிகளைக் கட்டியிருந்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் படுக்கை ரூம் பெட்டியைக் காணோம். அது சன்னல் பக்கத்து மூலையில், தாயைப் பிரிந்த கன்றுக்குட்டி மாதிரி ஒண்டிக்கொண்டு இருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். தளத்தைத் தாங்குகிற முட்டுக்கம்புகளுக்கு நடுவில், மூலையோரமாக, வெறும் தரையில் மச்சான் மல்லாக்கப் படுத்திருந்தார். கண்ணை மூடி மூடித் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பொட்டியை யாரு நகட்டுனது?"

"நாந்தான் மாப்ள. இங்கதான் கரெக்டா இருக்கு."

"ஃபேனுன்னா நடுவுலதான் மச்சான் இருக்கணும். மூலையில மாட்டுனா ரூமு மூளியாத் தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது."

நான் போய்ப் பெட்டியை நடுவுக்குக் கொண்டுவந்து கட்டினேன். கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது மறுபடியும் மூலைக்குப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் சொல்லுங்கள் என்று நின்றேன். வாஸ்து என்றார். எந்த வாஸ்து, யார் சொன்னது என்றேன். சரி, வாஸ்து இல்லை, நடுவில் மாட்டினால் லைட் வெளிச்சத்தில் இறக்கை நிழல் சுற்றும், கண்ணுக்குக் கெடுதல் என்றார். லைட் சுவரில் வருகிறது, நிழலே விழாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பீரோ மேலே ஏறி ஏதாவது எடுக்கும்போது தலையில் இறக்கை பட்டுவிடும் என்றார். பீரோ மேலே ஏறுகிற வயதா மச்சான் உங்களுக்கு என்றேன். மனுஷன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கட்டுக்கம்பியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க நடுவுல கட்டுங்க, அவரு மூலையில கட்டட்டும். ஒயர் பைப்பு வெட்டி வெட்டி ஒட்டுற என் கதிதான் கந்தல்" என்று ஜெர்சன் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்குள் மிக்சர் மெஷின் வந்து இறங்கிவிட்டது. கொத்தனார் தவசி ஆட்களை வரிசை கட்டி நிறுத்திவிட்டார். சட்டி வாங்கிக் கைமாற்றுகிற பெண்கள் சாரம் நெடுகத் தயார். வேலைக்காரர்களுக்குத் தளம் போடுகிற அன்றைக்குக் கறிச்சோறு போட வேண்டும் அல்லவா. அக்கா கீழே செங்கல் அடுப்பு கூட்டிக் கொதிக்கிற குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மருமகன் அழகுமலை மேலே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஹால் பக்கமிருந்து கலவை விழுந்துகொண்டே படுக்கை ரூமை நெருங்கியது. மச்சான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நான் நடுவில், பெருக்கல் குறி மேலே, பிளானை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். டடடடவென்று மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை.

"நடுவா மூலையா, சீக்கிரம் சொல்லுங்க!" என்று தவசி கத்தினார்.

"நடு!" என்று நான் கத்தினேன்.

மச்சானும் என்னவோ கத்தினார். தவசிக்குக் கேட்கவில்லை. மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மெஷின் நின்றது. மச்சான் நிற்கவில்லை. பஸ் ஓட்டிப் பழகிய அந்தத் தொண்டை முழு வேகத்தில் இருந்தது.

"நடுவுல சுத்துனா அவ அடுப்படிக்குப் போயிருவாய்யா! முப்பது வருசமா அங்கனதானய்யா கெடக்குறா! சொந்த வீட்டுலயாச்சும் நானும் எம்பொண்டாட்டியும் ஒரே ரூமுல படுக்கணும்யா!"

 கீழே குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டியைத் தலையில் வைத்திருந்த பாண்டியம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவளுக்குப் பின்னால் இருந்தவள், அதற்குப் பின்னால் இருந்தவள் என்று சிரிப்பு சாரம் வழியாக மேலிருந்து கீழே இறங்கிப் போனது. ஜெர்சன் பைப்பைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருமகன், பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றார். வானம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த பிளான் குலுங்கியது. மச்சான் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அறுபது வயது மனுஷனின் காது மடல் அப்படிச் சிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்காவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை என்பது அந்தக் காதைப் பார்த்தாலே தெரிந்தது. இவ்வளவு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைத்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஃபேனாவது மயிராவது, எங்கேயும் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு.

அப்போது சாரத்தில் பலகை கிறீச்சிட்டது. அக்கா ஏறி வந்துகொண்டிருந்தாள், கையில் குழம்புக் கரண்டியோடு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வழி விட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கம்பிகளை மிதித்து மிதித்து நேராக மூலைக்குப் போய், துண்டுக்குள் இருந்த மச்சான் முன்னால் நின்றாள்.

"இதுக்குக் கீழதான் உங்க கட்டிலா?"

மச்சான் துண்டைப் பாதி விலக்கித் தலையாட்டினார்.

"அப்ப என் கட்டிலு?"

அவர் எதிர்க்கோடியைக் கை காட்டினார். ரூமுக்கு அந்தக் கடைசி. காற்றே எட்டாத இடம். அந்த நீளமெல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா அந்தக் கோடியைப் பார்த்தாள். இந்தக் கோடியைப் பார்த்தாள். கரண்டியை நீட்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுக்கிற மாதிரி காட்டினாள்.

"அங்கிட்டு நானு, இங்கிட்டு நீங்க. நடுவுல இம்புட்டு எடத்தப் போட்டு என்ன பண்ணப் போறீக? பஸ்ஸு ஓட்டப் போறீகளா?"

தவசி கொத்தனார் சாந்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை மருமகனாலும் அடக்க முடியவில்லை. அக்கா குனிந்து பெட்டியை ஒரு கையால் பிடித்து இழுத்தாள். மூலையிலிருந்து கம்பி கம்பியாகத் தாண்டிக் கொண்டுவந்து, என் பெருக்கல் குறிக்கு ரெண்டு முழம் முன்னால் நிறுத்தினாள். நடுவும் இல்லை, மூலையும் இல்லை. எந்த ஸ்கேலுக்கும் அடங்காத ஒரு இடம்.

"ஏத்தா, அங்க வச்சா உனக்குத் தும்மல் வருமே" என்றார் மச்சான், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வந்தா தும்மிட்டுப் போறேன். பக்கத்துலதான இருக்கீக, எந்திரிச்சு நாலுல வைங்க" என்றாள் அக்கா. அப்புறம் தவசியைப் பார்த்து, "கொட்டச் சொல்லுங்கண்ணே, கீழ கொழம்பு அடிப்புடிக்குது" என்றாள்.

ஜெர்சன் பைப்பை ஒட்டிப் பெட்டியைக் கட்டி முடித்ததும் மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. மச்சான் எழுந்து, பாண்டியம்மாள் தலையிலிருந்த சட்டியைத் தானே வாங்கி, அந்தப் பெட்டியைச் சுற்றிக் கலவையைக் கொட்டினார்.